கிளப் 47: ஒரு காபி ஹவுஸும் அங்கே பாடியவர்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க நாட்டுப்புற இசை, அங்குள்ள கறுப்பின மக்களின் ப்ளூஸ் இரண்டிலும் கொஞ்சம் உள்ளே போய்விட்டால் கிளப் 47 என்ற பெயர் கண்ணில் படாமல் இருக்காது. பாடகி ஜோன் பயேஸின் வாழ்க்கைக் குறிப்பில் வரும், பாப் டிலன் பற்றிய கட்டுரைகளில் வரும், 1960களின் இசைத்தட்டு உறைகளின் பின்பக்கத்திலும் வரும். இசை கேட்கும் நண்பர்கள் அந்த இடத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கிளப் 47 எங்கே இருந்தது? அது என்ன 47?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், கேம்பிரிட்ஜ் நகரில். ஆற்றுக்கு இந்தப் பக்கம் கேம்பிரிட்ஜ், அந்தப் பக்கம் பாஸ்டன். ஹார்வர்ட் பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் இருக்கும் ஊர் என்பதால் தெருவில் இறங்கினால் மாணவர்கள்தான்.

47 என்பது கதவு எண். 1958 ஜனவரியில் மவுன்ட் ஆபர்ன் தெரு 47-ஆம் எண்ணில் திறந்தார்கள். 1963-ல் இடம் மாற வேண்டி வந்தபோது ஹார்வர்ட் சதுக்கத்தை ஒட்டிய பால்மர் தெருவில் ஒரு நிலவறைக்குப் போனார்கள். அங்கேயும் எண் 47. பெயர்ப் பலகையை மாற்றுகிற வேலை மிச்சம்.

யார் தொடங்கியது?

ஜாய்ஸ் கலினா, பாலா கெல்லி என்ற இரண்டு இளம்பெண்கள். ஐரோப்பியக் காபிக் கடைகளைப் போல உட்கார்ந்து பேச, இசை கேட்க ஒரு இடம் வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அவர்கள் மனதில் இருந்ததோ ஜாஸ். முதலில் அங்கே வாசிக்கப்பட்டதும் ஜாஸ்தான். நாட்டுப்புறப் பாட்டு பின்வாசல் வழியாக, ஜாஸ் இல்லாத நாட்களில் நுழைந்தது. பிறகு வீட்டையே எடுத்துக்கொண்டது. ஜாய்ஸ் பிற்காலத்தில் ஜாய்ஸ் சோப்ரா என்ற பெயரில் திரைப்பட இயக்குநரானார்.

கிளப் என்றால் மது உண்டா?

கிடையாது. காபி, தேநீர், கொறிக்க ஏதாவது, அவ்வளவுதான். உரிமம் சம்பந்தமாக நகர நிர்வாகத்தோடு இழுபறி வந்தபோது, லாப நோக்கமற்ற கல்வி அமைப்பாகப் பதிவு செய்துகொண்டு உறுப்பினர் அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். அந்த வகையில்தான் அது ‘கிளப்’.

மது இல்லாதது சின்ன விஷயமாகத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மதுக்கடையில் பாடுபவர் கண்ணாடிக் குவளைச் சத்தத்தையும் சண்டையையும் தாண்டிக் குரல் உயர்த்தியாக வேண்டும். ஆட்டத்துக்கு வாசித்தாக வேண்டும். இங்கே அந்த நெருக்கடி இல்லை. மெல்லப் பாடினாலும் கடைசி மேசைவரை கேட்கும். பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்களும் தடையில்லாமல் உள்ளே வரலாம். பழைய ப்ளூஸ் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட் மாதிரி பேசுகிற குரலில் பாடுபவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வாய்த்திருக்காது.

ஜோன் பயேஸ் இங்கேதான் அறிமுகமானாரா?

அவருடைய முதல் கச்சேரி 1958-ல் இங்கேதான் நடந்தது. அவருக்கு அப்போது 17 வயது. தந்தை ஆல்பர்ட் பயேஸ் இயற்பியலாளர், எம்.ஐ.டி.யில் வேலை கிடைத்து அந்த வருடம்தான் குடும்பம் பாஸ்டன் பக்கம் குடிவந்திருந்தது.

முதல் நாள் வந்திருந்தவர்கள் மொத்தம் எட்டு பேர். அப்பா, அம்மா, தங்கை மிமி, காதலன், மற்றபடி சில நண்பர்கள். சம்பளம் 10 டாலர். விளம்பரத் தாளுக்காக வேறு பெயர் வைத்துக்கொள்ளலாமா என்றுகூட யோசித்திருக்கிறார். ஸ்பானியப் பெயரை மறைப்பதற்காக மாற்றிக்கொண்டாள் என்று பேச்சு வரும் எனத் தோன்றவே அதைக் கைவிட்டார். பிறகு மறுபடி கூப்பிட்டார்கள். வாரம் இருமுறை, கச்சேரிக்கு 25 டாலர்.

அடுத்து நடந்தது மளமளவென்று நடந்தது. 1959 கோடையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா, 1960-ல் வேன்கார்ட் நிறுவனத்தில் முதல் இசைத்தட்டு, 1962 நவம்பரில் டைம் இதழின் அட்டை. எட்டு பேர் கேட்ட குரலுக்கு நான்கே வருடத்தில் நாடு முழுக்கக் காது கிடைத்தது. இதனால்தான் கிளப் 47 என்றாலே எல்லோரும் பயேஸிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அந்த அறையின் மிகப் பெரிய காரியம் அவரைக் கண்டெடுத்தது அல்ல. அது 1963-க்குப் பிறகு வருகிறது.

அப்படி என்ன நடந்தது 1963-க்குப் பிறகு?

பழைய ப்ளூஸ் கலைஞர்கள் வந்தார்கள். இதற்குக் கொஞ்சம் முன்கதை வேண்டும்.

1920களின் கடைசியிலும் 30களின் தொடக்கத்திலும் இசைத்தட்டு நிறுவனங்கள் தென் மாநிலங்களின் கறுப்பினப் பாடகர்களைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்தன. ஒரு முறை பதிவு, கையில் கொஞ்சம் காசு, அதோடு சரி. பொருளாதாரப் பெருமந்தம் வந்ததும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. பாடியவர்கள் வயலுக்கும் ரயில்வேக்கும் தேவாலயத்துக்கும் திரும்பிப் போனார்கள். கீறல் விழுந்த 78 சுற்று இசைத்தட்டுகள் மட்டும் சில சேகரிப்பாளர்களின் அலமாரியில் மிஞ்சின.

1952-ல் ஹாரி ஸ்மித் அப்படிப்பட்ட தட்டுகளிலிருந்து 84 பாடல்களைத் தொகுக்க, ஃபோக்வேஸ் நிறுவனம் வெளியிட்டது. கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்கும் நியூயார்க் கிராமிய இசைக்காரர்களுக்கும் அதுதான் பாடப்புத்தகம். தட்டில் பாடுபவர் பெயர் இருக்கும், முகம் இருக்காது. இறந்திருப்பார் என்றே நினைத்துக்கொண்டார்கள். ஜான் ஹர்ட்டின் இரண்டு பாடல்கள் அதில் உண்டு.

ஹர்ட் 1928-ல் ஓகே நிறுவனத்துக்காகப் பாடிய ஒரு பாட்டில் தன் ஊர் அவலான் என்று சொல்லியிருந்தார். 1963-ல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அந்த ஒற்றைச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மிசிசிப்பியில் அவலான் என்ற குக்கிராமத்துக்குப் போனார். எழுபது வயதை ஒட்டிய மனிதர் அங்கேயே இருந்தார், பண்ணை வேலை பார்த்துக்கொண்டு. வந்திருப்பவர் அரசாங்க ஆள், ஏதோ விசாரணை என்று பயந்தாராம். கையில் கிட்டார்கூட இல்லை. அதே வருடம் நியூபோர்ட் மேடையில் உட்கார்ந்திருந்தார்.

1964 ஜூனில் ஒரே வாரக்கடைசியில் இன்னும் இரண்டு பேர் கிடைத்தார்கள். ஸ்கிப் ஜேம்ஸை மிசிசிப்பியின் டூனிகா ஊர் மருத்துவமனையில் கிட்டார் கலைஞர் ஜான் ஃபாஹியும் அவர் கூட்டாளிகளும் கண்டுபிடித்தார்கள். சன் ஹவுஸைத் தேடி டிக் வாட்டர்மன், நிக் பெர்ல்ஸ், ஃபில் ஸ்பைரோ மூவரும் தெற்கே காரில் அலைந்தார்கள். அவரோ வடக்கே, நியூயார்க் மாநிலத்தின் ராசெஸ்டரில் இருந்தார். அவரை அவர்கள் கண்டுபிடித்த ஜூன் 21-ஆம் தேதிதான் மிசிசிப்பியில் கறுப்பின மக்களின் வாக்குரிமைப் பணியில் இருந்த சேனி, குட்மன், ஷ்வெர்னர் மூவரும் கடத்திக் கொல்லப்பட்டார்கள். வடக்கிலிருந்து வந்த வெள்ளைக்கார இளைஞர்கள் கறுப்பினக் குடியிருப்புகளில் விசாரித்துக்கொண்டு திரிவது அந்தக் கோடையில் எவ்வளவு ஆபத்து என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

ஹர்ட், ஜேம்ஸ், சன் ஹவுஸ் மூவரும் கிளப் 47-க்கு வந்தார்கள். தட்டில் கேட்ட குரல் கைக்கெட்டும் தூரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. தட்டைக் கேட்டு அந்த வாசிப்பை மாதக்கணக்கில் நகலெடுக்க முயன்ற பிள்ளைகள் முதல் வரிசையில் உட்கார்ந்து விரலைப் பார்த்தார்கள். எந்தக் கம்பி எப்படிச் சுருதி கூட்டப்பட்டிருக்கிறது, எந்த விரல் எங்கே போகிறது என்பதெல்லாம் தட்டில் தெரியாது. பெரிய விழா மேடையில் உட்கார்ந்தாலும் தெரியாது. சின்ன அறையில்தான் தெரியும்.

சன் ஹவுஸுக்கு அவர் பாட்டையே வேறொருவர் சொல்லிக்கொடுத்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சன் ஹவுஸ் 1930-ல் பாரமவுன்ட் நிறுவனத்துக்கும், 1941–42-ல் நாட்டுப்புறப் பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் வழியாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கும் பாடியவர். ப்ளூஸில் பெரும்பெயர் பெற்ற ராபர்ட் ஜான்சனும் மடி வாட்டர்ஸும் அவரைப் பார்த்துக் கற்றவர்கள். பிறகு ராசெஸ்டருக்குக் குடிபெயர்ந்து ரயில்வேயில் வேலை பார்த்தார். கிட்டாரைத் தொட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. கையில் நடுக்கம், வரிகள் மறந்துவிட்டன.

அவரைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்து வந்து ஆலன் வில்சனோடு உட்கார வைத்தார்கள். கேம்பிரிட்ஜை அடுத்த ஆர்லிங்டன் ஊர்க்காரரான வில்சனுக்கு அப்போது 20 வயது, தடித்த மூக்குக்கண்ணாடி, சங்கோஜி. ஆனால் சன் ஹவுஸின் பழைய பதிவுகள் அத்தனையும் அவர் விரலில் இருந்தன. “1930-ல் இதை இப்படி வாசித்தீர்கள், 1942-ல் இப்படி மாற்றினீர்கள்” என்று அவருக்கே வாசித்துக் காட்ட, கிழவருக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. சொல்லிக்கொடுத்தார் என்பதைவிட நினைவுபடுத்தினார் என்பது பொருந்தும். மறந்திருந்த கை ஒருமுறை பழையதைப் பிடித்துக்கொண்டதும் பையனால் எட்ட முடியாத இடத்துக்குப் போய்விட்டது.

1965 ஏப்ரலில் கொலம்பியா நிறுவனத்துக்காக அவர் பதிவு செய்த இசைத்தட்டைக் கேட்டால் இது புரியும். உலோக உடம்புள்ள நேஷனல் கிட்டார், விரலில் மாட்டிய உலோகக் குழாய். குழாய் கம்பியில் உராயும் சத்தம் சங்கீதம் என்பதைவிடத் தச்சுப்பட்டறைக்கு நெருக்கம். சில இடங்களில் கிட்டாரே இல்லை; கைதட்டலும் குரலும் மட்டும். முன்பு பிரசங்கியாராக இருந்தவர் என்பது அந்தக் குரலிலேயே தெரியும். அதே பதிவில் வில்சனும் கூட வாசித்திருக்கிறார். பின்னர் வில்சன் கேன்ட் ஹீட் என்ற ப்ளூஸ்-ராக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். 1970-ல் 27 வயதில் இறந்துபோனார். சன் ஹவுஸ் 1988 வரை இருந்தார்.

ஜான் ஹர்ட், ஸ்கிப் ஜேம்ஸ் இருவரும் மிசிசிப்பிக்காரர்கள்தானே? ஒரே மாதிரி இருக்குமா?

துளியும் இருக்காது. ஹர்ட்டின் கட்டைவிரல் கீழ்க்கட்டைக் கம்பிகளில் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கும், நிதானம் தவறாமல். மற்ற இரண்டு விரல்கள் மேலே மெட்டைப் பிடிக்கும். தலையில் பழுப்புத் தொப்பி, முகத்தில் சிரிப்பு. கொலைக் கதையைப் பாடினாலும் வீட்டுத் திண்ணையில் சொல்வது போல இருக்கும். யாரிடமும் கற்றுக்கொள்ளாமல் தானாகவே வளர்த்துக்கொண்ட வாசிப்பு அது.

ஜேம்ஸ் நேர் எதிர். பென்டோனியா ஊர் வழக்கப்படி கிட்டாரைச் சோகச் சாயல் தரும் மைனரில் சுருதி கூட்டி, மெல்லிய உச்சக் குரலில் பாடுவார். 1931-ல் விஸ்கான்சினின் கிராஃப்டன் ஊரில் பதிவான அவருடைய 18 பாடல்களைத் தனியாக இரவில் கேட்காதீர்கள் என்று நண்பர்களிடம் சொல்வதுண்டு. பாதி விளையாட்டாகத்தான்.

வெள்ளைக்கார மாணவர்கள் கறுப்பினக் கலைஞர்களை வைத்து வேடிக்கை பார்த்தார்கள் என்ற விமர்சனம் சரியா?

பாதி சரி. கேட்டவர்கள் பெரும்பாலும் வசதியான வெள்ளைக்காரப் பிள்ளைகள். அவர்களுக்கு வேண்டியிருந்தது 1930-ன் ப்ளூஸ். கறுப்பின இளைஞர்கள் அந்த நேரத்தில் சோல் இசையில் இருந்தார்கள். ப்ளூஸ் அவர்களுக்கு அப்பா காலத்துச் சங்கதி. எது அசல், எது கலப்படம் என்று இருபது வயதுக்காரர்கள் தீர்ப்புச் சொன்னதும் நடந்தது. எரிச்சலூட்டும் விஷயம்தான்.

ஆனால் காசு கணக்கைப் பாருங்கள். டிக் வாட்டர்மன் கேம்பிரிட்ஜிலிருந்தபடி, ஹர்ட்டின் ஊர்ப் பெயரிலேயே அவலான் புரொடக்‌ஷன்ஸ் என்ற முகமையைத் தொடங்கி இந்தக் கலைஞர்களுக்கு நிகழ்ச்சி பிடித்துக் கொடுத்தார், கூடவே பயணம் செய்தார், ராயல்டிக்காகச் சண்டை போட்டார். எல்லாச் சண்டையும் ஜெயிக்கவில்லை. எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டில் இருந்த பாட்டை எழுதிய ஆர்தர் க்ரூடப்புக்குச் சேர வேண்டிய 60,000 டாலர், ஒப்பந்தம் கையெழுத்தாகப் போகிற நேரத்தில் கைநழுவியது. க்ரூடப் 1974-ல் ஏழையாகவே இறந்தார். ஸ்கிப் ஜேம்ஸுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம்: 1966-ல் இங்கிலாந்தின் க்ரீம் என்ற ராக் குழு அவர் பாட்டு ஒன்றைப் பதிவு செய்ய, அந்தப் பணம் கடைசிக் கால மருத்துவச் செலவுக்கு உதவியது.

ஆக, அந்த அறையில் மரியாதை இருந்தது, நியாயம் முழுசாக இல்லை. நியாயத்தை மறுத்த இடம் காபி ஹவுஸ் அல்ல, இசைத்தட்டு நிறுவனங்களும் பதிப்புரிமை நிறுவனங்களும்தான்.

பாப் டிலன் பாடினாரா?

பாடினார், ஆனால் சம்பளத்துக்கு அல்ல. 1961-ல் பெயர் தெரியாத பையனாக வந்து, மற்றவர்கள் கச்சேரியின் இடைவேளையில் பாடிவிட்டுப் போனார். கேம்பிரிட்ஜில் அவருக்குக் கிடைத்த லாபம் எரிக் வான் ஷ்மிட். ஓவியரும் பாடகருமான ஷ்மிட்டிடம் கேட்ட ஒரு பாட்டை 1962-ல் வந்த தன் முதல் தட்டில் பாடி, அவரிடம்தான் கேட்டேன் என்று பதிவிலேயே பெயர் சொல்லியிருக்கிறார் டிலன். அவர் எல்லோருக்கும் அப்படி நன்றி சொன்னவர் இல்லை.

உள்ளூர்க்காரர்களில் யாரைக் கேட்கலாம்?

ஜிம் க்வெஸ்கின் ஜக் பேண்டை முதலில் கேளுங்கள். ஜக் பேண்ட் என்றால் ஜாடியையும் வாத்தியமாக்குகிற கூட்டம். ஃப்ரிட்ஸ் ரிச்மண்ட் துணி துவைக்கும் இரும்புத் தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, நடுவில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஒரு கழியின் நுனியில் முடிந்து வைத்திருப்பார். கழியைச் சாய்த்தால் கயிறு இறுகும், சுருதி ஏறும், நிமிர்த்தினால் இறங்கும். இதில் அவர் முழுமையான பாஸ் வாசித்தார். ஜெஃப் மல்டவுர், மரியா மல்டவுர் இருவரும் இந்தக் குழுவில் இருந்தவர்கள்.

ஹார்வர்டில் ஆங்கில இலக்கியம் படித்த டாம் ரஷ், ப்ளூகிராஸ் என்ற வேகமான நாட்டுப்புற வாத்திய இசை வாசித்த பில் கீத் – ஜிம் ரூனி ஜோடி, தாஜ் மஹால் என்று மேடைப்பெயர் வைத்துக்கொண்ட ப்ளூஸ் கலைஞர் எல்லோரும் இந்த வட்டம்தான். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அவர் மாசசூசெட்ஸில் வளர்ந்தவர்.

மின்சார கிட்டாருக்கு இடம் இருந்ததா?

இருந்தது. டிலன் 1965-ல் நியூபோர்ட்டில் மின்சார கிட்டார் எடுத்ததற்கு நாட்டுப்புற இசை ரசிகர்களிடம் எழுந்த கூச்சல் பிரசித்தம். அதே ஆண்டு கிளப் 47-ன் பொறுப்புக்கு வந்த ஜிம் ரூனி, மடி வாட்டர்ஸ் போன்ற சிகாகோ ப்ளூஸ்காரர்களைக் குழுவோடு வரவழைத்தார். சிகாகோவின் இன்னொரு ப்ளூஸ் கலைஞர் பால் பட்டர்ஃபீல்டும் வந்தார். பெரிய அரங்கை நிரப்பும் ஒலிபெருக்கிகள் ஒரு நிலவறைக்குள். காது என்ன பாடுபட்டிருக்கும் என்று கேட்காதீர்கள்.

ஏன் மூடினார்கள்?

கடன். 1968 ஏப்ரலோடு கதை முடிந்தது. கலைஞர்களின் கட்டணம் ஏறிவிட்டது. சின்ன அறையில் எத்தனை டிக்கெட் விற்றாலும் கட்டுப்படியாகாது. காபிக் காசு எந்த மூலைக்கு? இளைஞர் கூட்டமும் 1967-ல் பாஸ்டனில் திறந்த ராக் அரங்கின் பக்கம் சாய்ந்துவிட்டது.

பாடகி பானி ரைட் 1967-ல் கேம்பிரிட்ஜின் ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்ததற்குக் கேம்பிரிட்ஜின் இசையும் ஒரு காரணம். வந்த முதல் வருடத்திலேயே கிளப்பை மூடிவிட்டார்கள். ஆனால் வாட்டர்மனின் அறிமுகம் கிடைத்தது. அவர் வழியாக சன் ஹவுஸ் முதலான முதியவர்களோடு பழக்கம் கிடைத்தது. ரைட்டின் ஸ்லைடு கிட்டாரில், அதாவது விரலில் குழாய் மாட்டி வாசிக்கும் முறையில், அதன் சுவடு இன்றும் கேட்கும்.

இப்போது போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

பால்மர் தெரு நிலவறை அப்படியே இருக்கிறது. 1969-ல் அந்த இடம் பாசிம் என்ற பெயரில் மறுபடி திறந்தது. பாப், ரே ஆன் டான்லின் தம்பதியினர் அதை இருபது வருடத்துக்கு மேல் நடத்தினார்கள். இப்போது லாப நோக்கமற்ற அமைப்பாக இயங்குகிறது, இசைப்பள்ளியும் உண்டு. நூற்றுச் சொச்சம் இருக்கைதான். நடுவில் சில வருடம் அங்கே சைவ உணவகம் ஒன்று இயங்கியது. நம்மவர்களுக்கு அது உபயோகமான தகவலாக இருந்திருக்கும்.

கேட்கத் தொடங்க என்ன வரிசை?

முதலில் ஜான் ஹர்ட்டின் 1928 பதிவுகள். உடனே அவர் 1960களில் வேன்கார்டுக்குப் பாடியவை. நடுவில் 35 வருட இடைவெளி இருப்பதை நம்பவே முடியாது; கட்டைவிரல் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. ஸ்கிப் ஜேம்ஸுக்கும் இதே போல 1931, பிறகு 1966. அங்கே வயது தெரியும், நோய் தெரியும், ஆனாலும் இரண்டாவதை நான் விடமாட்டேன். சன் ஹவுஸுக்கு 1965 கொலம்பியா. பயேஸுக்கு முதல் தட்டு, 1960.

பார்க்கவும் வேண்டுமென்றால் பீட் சீகர் 1960களில் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஹர்ட் வந்த பகுதி இணையத்தில் கிடைக்கிறது. மேடை இல்லை, கூட்டம் இல்லை, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாடுவார்கள். கிட்டார் பழகுபவராக இருந்தால் பாட்டை விட்டுவிட்டு அவருடைய வலது கையை மட்டும் ஒருமுறை பாருங்கள்.